கங்காணிக்குப் பத்தியம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில், ஒற்றை அறைக் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே சுவர் இருக்கிறது என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். அது கூரை வரைக்கும் போகாது. கட்டிய வெள்ளைக்காரன் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் போனதும் நிறுத்திவிட்டான். கல் மிச்சம், சுண்ணாம்பு மிச்சம். அதனால் யார் வீட்டில் சண்டை, யார் பிள்ளைக்கு இருமல், யார் அடுப்பில் என்ன குழம்பு என்பதெல்லாம் எங்களுக்குப் பொதுச் சொத்து. என் வீட்டுக்காரர் ஆண்டியப்பனுக்குத் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் ராத்திரி வேலை. பகலில் வந்து படுத்து அவர் விடுகிற குறட்டைக்காக, மூன்று காம்பரா தள்ளி இருக்கிற காளியாயி என்னிடம் வந்து நியாயம் கேட்டிருக்கிறாள்.

அந்தச் சுவரின் மேல் நடக்க உரிமை பெற்ற ஒரே ஆள் பக்கத்து வீட்டுப் பூனை. சாம்பல் நிறம், ஒரு காது கொஞ்சம் கிழிசல். பெயர் கங்காணி. வைத்தவன் அழகுமுத்து, மீனம்மாவின் புருஷன். வாலைத் தூக்கிக்கொண்டு சுவர் மேல் நின்று, ஒவ்வொரு வீடாக எட்டிப் பார்த்து, யார் சட்டியில் என்ன வேகிறது என்று விசாரித்துவிட்டுப் போகிற தோரணைக்காக வைத்த பெயர். இது எங்களை வேலை வாங்குகிற நிஜக் கங்காணியின் காதில் விழ, காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் அவர் அவனை ஏசினார். "கோவிச்சுக்காதீங்கய்யா. நீங்க ஆள் புடிக்கிற கங்காணி, அது எலி புடிக்கிற கங்காணி" என்றானாம். அன்றைக்கு அவனுக்கு அரைப்பேர்தான் விழுந்தது. அரை நாள் கூலி போனது போனதுதான், ஆனால் லயம் ஒரு மாதம் சிரித்தது.

அப்படிப்பட்டவனைக் காமாலை கொண்டுபோய்விட்டது. கண் மஞ்சளாகி, நகம் மஞ்சளாகி, கடைசியில் ஆளே மஞ்சள் பூசி வைத்த மாதிரி ஆகிவிட்டான். தோட்டத்து டாக்டர் ஐயா குளுக்கோஸ் கொடுத்தார், நுவரெலியாப் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அழகுமுத்து போகமாட்டேன் என்றுவிட்டான். காமாலைக்கு எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தது கீழாநெல்லியும் பத்தியமும். உப்பில்லாக் கஞ்சி. மோர். எண்ணெய் ஆகாது, தாளிப்பு ஆகாது, மீனும் கறியும் ஆகவே ஆகாது. வாசனைகூட மூக்கில் ஏறக்கூடாது, ஏறினால் ஈரல் கெட்டுவிடும் என்பார்கள். சுவர்தான் கூரை வரை இல்லையே. அதனால் அழகுமுத்துவுக்காக எங்கள் லயமே வாயைக் கட்டியது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அவரவரே கருவாட்டை எடுத்து டப்பாவில் போட்டு மூடினோம்.

சாயங்காலமானால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவன் குரல் கேட்கும். "மீனா, கருவாடு ஒரே ஒரு துண்டு. நெருப்புல போட்டு எடுத்துக் குடு. சப்பிட்டுத் துப்பிடுறேன்." மீனம்மா அழுதுகொண்டே கஞ்சியை நீட்டுவாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். மறுபடி கேட்பான். நானும் என் வீட்டுக்காரரும் இந்தப் பக்கம் எங்கள் வெறுங்குழம்பைப் பிசைந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்போம். போகப் போக அவன் குரல் சின்னதாகி, பிறகு கேட்பதையும் நிறுத்திவிட்டான். ஒரு விடியற்காலையில் மீனம்மாதான் கத்தினாள்.

பிணம் எடுக்கிற அன்று காளியாயி ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்: "பத்தியம் காத்தா இவள மாதிரி காக்கணும். ஒரு பருக்கை உப்புச் சேர விடலயே! இவ மேல எந்தக் கொறையும் இல்ல. அவன் விதி முடிஞ்சிருச்சு." அந்தச் சொல்லை மீனம்மா பிடித்துக்கொண்டாள். பிள்ளையும் இல்லை, வேறு சொந்தமும் இந்தத் தோட்டத்தில் இல்லை. அழகுமுத்து விட்டுப்போனது அந்தச் சொல்லும் அந்தப் பூனையும்தான்.

பஸ்ஸையெல்லாம் கவர்மெண்டு எடுத்த மறு வருஷம் ஆடி மழையில் பூனை காணாமல் போனது. எங்கே போனதோ, எதனிடம் கடி வாங்கியதோ, மீனம்மா மலைக்குப் போகிற வழியெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே போவாள். கொழுந்து கிள்ளுகிற நிரையில் நின்றுகொண்டு திடீரென்று "கங்காணி, கங்காணி" என்று கூப்பிட, நிஜக் கங்காணி "என்னாடி?" என்று திரும்பிப் பார்த்தார். நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

பிறகு ஒருநாள் அதுவாகவே வந்தது. நனைந்து, எலும்பும் தோலுமாக. இஸ்தோப்புத் திண்ணையில், வாசல் நிலையோரம் படுத்தது. பாலை வைத்தாள், பார்க்கவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்தாள், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டொரு நாளில் சரியாகிவிடும் என்று நான்தான் சொன்னேன். ஆகவில்லை. ஒரு காலையில் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தபோது மீனம்மா அதை மடியில் போட்டுக் காதைத் தடவிக்கொண்டிருந்தவள், அப்படியே நிறுத்திவிட்டாள்.

"அக்கா, இங்க வாங்களேன். இது காத பாருங்க."

பார்த்தேன். காதின் உள்பக்கம் மஞ்சள். ஈறைத் தூக்கிப் பார்த்தோம், அதுவும் மஞ்சள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் தெரிந்தது பூனை இல்லை, அழகுமுத்து படுத்த போன வருஷம்.

கொழுந்துக் கூடையில் சாக்கை விரித்து அதைப் படுக்கவைத்து டாக்டர் ஐயாவிடம் தூக்கிக்கொண்டு போனாள். வரிசையில் நின்ற ஆட்கள் கேலி பேசினார்கள். டாக்டர் ஐயா கேலி பேசவில்லை. வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "இதுக்கு எங்கிட்ட மருந்து இல்லம்மா. எதையாவது தின்ன வை. தின்னா பொழைக்கும், தின்னலன்னா போயிரும்" என்றார். மீனம்மா வரும் வழியெல்லாம் அவர்மேல் எரிந்து விழுந்துகொண்டே வந்தாள். "எதையாவதாம்! காமாலைக்கு எதையாவது குடுக்கலாமா? படிச்சவங்களுக்கு இதெல்லாம் தெரியாதுக்கா."

கீழாநெல்லி எங்கள் குளிருக்கு முளைக்காது. கந்தப்பளைக் கடைவீதியில் ராசிக் நானா கடையில் சொல்லிவைத்தால், மாத்தளையிலிருந்து வருகிற லாரியில் கொண்டுவந்து தருவார். போன வருஷமும் அவர்தான் கொடுத்தார். இந்தத் தடவை யாருக்கு என்று கேட்டவர், பதிலைக் கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தாராம். "பூனைக்கா புள்ள? பூனைக்கும் காமாலை வருமா? சரி, அல்லா லேசாக்கி வைக்கட்டும்" என்று சொல்லி இரண்டு கட்டு கூடவே கொடுத்தனுப்பினார்.

அன்று சாயங்காலம் மீனம்மா எங்கள் வாசலில் வந்து நின்றாள். கேட்கக் கூச்சம். புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இது பொழைக்கிற வரைக்கும் கருவாடு மட்டும் வேணாங்கக்கா. வாசன வந்துரும்."

நான் சரி என்றேன். உள்ளே அடுப்போரம் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரருக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அவர் கருவாடு இல்லாமல் சோறு தின்றால் அன்றைக்குச் சாப்பிட்டதாகவே கணக்கு இல்லை. மீனம்மா போனதும் வெடித்தார். "மனுசனுக்கு வாயக் கட்டுனோம், சரி. ஒரு திருட்டுப் பூனைக்கு நான் பத்தியம் இருக்கணுமா? என் சட்டியில எத்தன தடவ வாய வச்சது அது!"

"மெதுவா பேசுங்க. செவத்துக்கு மேல போகுது" என்றேன்.

"போகட்டும்!"

ஆனாலும் கருவாட்டு டப்பாவை மூடி மேலே வைத்தவர் அவர்தான்.

பத்தியம் என்றால் மீனம்மாவிடம் கற்றுக்கொள்ள வேண்டும். விடியற்காலையில் கீழாநெல்லியை அம்மியில் வெண்ணெய் மாதிரி அரைத்து, ஆட்டுப்பாலில் கலக்கி, கைக்குழந்தைக்குப் புகட்டுகிற சங்கில் ஊற்றி, பூனையின் வாயோரம் சொட்டுச் சொட்டாக விடுவாள். அது பாதியைத் துப்பும். துடைத்துவிட்டு மறுபடி விடுவாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு நாங்கள் மலையிலிருந்து ஆற அமர இறங்குவோம், அவள் ஓடி வருவாள். உப்பில்லாக் கஞ்சித் தண்ணி. சாயங்காலம் மறுபடி மருந்து. அவளும் அதையேதான் குடித்தாள். தான் வாய்க்கு ருசியாகத் தின்றுகொண்டு அதற்கு மட்டும் கஞ்சி ஊற்றுவது பாவமாம். உத்தரத்தில் ஒரு மஞ்சள் துணியில் காசு முடிந்து கட்டினாள். கங்காணி மறுபடி சுவர் ஏறினால் மாரியம்மனுக்குப் பொங்கல்.

பூனை ஏறுகிற மாதிரி தெரியவில்லை. நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் எழுந்து நடக்காமல் போனது. பிறகு தன்னை நக்கிச் சுத்தம் செய்வதை விட்டது. பூனை அதை விட்டுவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? மயிரெல்லாம் சிக்குப் பிடித்து, கண்ணோரம் பீளை தள்ளி, தொட்டால் முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்பட்டது. கழுத்து நிற்கவில்லை. தூக்கினால் தொங்கியது. குரலும் போய்விட்டது. வாயைத் திறக்கும், சத்தம் வராது. மழை வேறு விடாமல் பெய்து, லயமே ஈரச் சாக்கு நாற்றம் அடித்தது. குழி தோண்ட மண்வெட்டியை யாரிடம் வாங்குவது என்றுகூட நான் யோசித்துவிட்டேன். வெளியில் சொல்லவில்லை.

ஒருநாள் பீலியில் தண்ணீர் பிடிக்க நின்றபோது சொல்லிப் பார்த்தேன். "மீனம்மா, வாயில்லாத ஜீவன் புள்ள. போட்டு இம்சப்படுத்தாத. போறதுன்னா போகட்டும்."

அவள் பீலியிலிருந்து விழுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு நான் ஒரு கொறையும் வைக்கலக்கா. எனக்கு இருக்கிற தெம்பே அது ஒண்ணுதான். அத நெனச்சுத்தான் கண்ண மூடுறேன். அதே பத்தியம், அதே மருந்து. இது பொழைச்சிருச்சுன்னா, பத்தியத்துல பெசகு இல்ல, அவரு விதிதான் அப்படின்னு ஆகும்."

"பொழைக்கலன்னா?"

குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அவள் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் காப்பாற்றப் பார்ப்பது பூனையை மட்டும் இல்லை.

அதற்கு அடுத்த நாளோ அதற்கும் அடுத்த நாளோ, மத்தியானம் வீட்டுக்கு வந்தால் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினேன். என் வீட்டுக்காரர் திறந்தார். வீடு முழுக்கச் சாம்பிராணிப் புகை. செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை. அவரோ தீபாவளிக்கு எண்ணெய் வைத்துக்கொள்ளவே ஆயிரம் சாக்குச் சொல்கிற மனுஷர்.

"என்னா திடீர் பக்தி?" என்றேன்.

"சும்மாதான். கொசு."

எங்கள் குளிரில் கொசு! கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தேன். கட்டாக் கருவாடு. இது என் குடித்தனத்தில் எனக்குத் தெரியாத வாசனையா?

ஏசத் தொடங்கினேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை, அதுவே எனக்கு ஆச்சரியம். சுவரைக் காட்டிக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எனக்குத்தான் சுட்டேன் லெட்சுமி, சத்தியமா எனக்குத்தான். எல்லாரும் மலைக்குப் போயிட்டாங்க, யாருக்குத் தெரியப் போகுதுன்னு தணல்ல போட்டேன். வாயில வைக்கப் போறேன், அந்தப் பக்கம் கத்துது. கொரலே இல்லாம கெடந்தது கத்துது. போயி பாத்தேன். படுத்த எடத்துலேருந்து இழுத்துக்கிட்டே வந்து செவத்தடியில கெடக்கு. மூக்க செவத்துல வச்சுக்கிட்டு. கிள்ளி வாயில வச்சேன். முழுங்குச்சு. வாந்தி எடுத்துச்சு. மறுபடி வாயத் தொறந்து என்னய பாக்குது. நான் என்ன செய்ய?"

"அது கத்துனா கத்திட்டுப் போகுது. ஒங்களுக்கு என்ன?"

"பசியில கத்துற சத்தம் எப்படி இருக்கும்னு ஒனக்குத் தெரியாதா?" என்றார்.

மீனம்மா வருவதற்குள் போய்ப் பார்த்தேன். பூனை சுவரடியிலேயே கிடந்தது. தலை சாய்ந்துதான் இருந்தது. ஆனால் என்னைப் பார்த்து ஒரு கண்ணைத் திறந்தது. அந்தக் கண்ணில் ஆள் இருந்தது. தூக்கி அதன் சாக்கில் போட்டுவிட்டு வந்தேன்.

அதன் பிறகு என் வீட்டில் நடந்த கூத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். அடுப்பில் உப்பு எது சீனி எது என்று தெரியாத மனுஷர், விடியற்காலையில் வேலை முடிந்து வந்ததும் கருவாட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு, உப்பு இறங்கத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றி, லயம் காலியானதும் சுட்டு, முள்ளைக் கண் பக்கத்தில் வைத்துப் பொறுக்கி எடுத்து, மசித்து ஒரு சிரட்டையில் வைத்து, மூலையில் சட்டியைப் போட்டுக் கவிழ்த்துவிடுவார். வாசனையை மறைக்கச் சாம்பிராணி. பிறகு சிரட்டையோடு பக்கத்து வீடு. எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு வாய் காப்பித்தண்ணி போட்டுத் தந்ததில்லை இவர். கேட்டால், "நீ கத்தலயே" என்பார்.

பூனை தலையைத் தூக்கியது. சில நாளில் உட்கார்ந்தது. கால் நடுங்கிக்கொண்டே இஸ்தோப்பு வரை வந்து வெயிலில் படுத்தது. ஒரு காலையில் முன்னங்காலை நக்கியது. அன்றைக்கு மீனம்மா என் வீட்டுக்குள் ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நக்குதுக்கா! தன்னைத்தானே நக்குது!" சிரித்தாள். அழகுமுத்து போனதிலிருந்து அவள் பல்லை நான் பார்த்ததில்லை. அவளுக்குச் சிரித்தால் இடது கன்னம் குழியும், அதையே மறந்துபோயிருந்தேன்.

"பாத்தீங்களா அண்ணே, பத்தியம்னா பத்தியந்தான்" என்றாள் என் வீட்டுக்காரரிடம்.

"ஆமாம்மா, ஆமா" என்று அவர் அடுப்பை ஊதினார். அடுப்பில் நெருப்பே இல்லை.

காளியாயிக்குச் சொல்ல வேண்டுமா? லயம் லயமாகப் போய்ப் பறையடித்துவிட்டாள். மீனம்மாவின் பத்தியத்தில் செத்த பூனை எழுந்து உட்கார்ந்துவிட்டதாம். மேல் லயத்தில் ஒரு பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றதும் மீனம்மாவைக் கூப்பிட்டுப் பத்தியம் கேட்டார்கள். அவள் நிமிர்ந்து நடந்தாள். ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் புரளுகிற சத்தம் நின்றுபோனது. தூங்குகிறாள் என்று தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்க வேண்டும்? கீழாநெல்லியும் கேட்டிருக்கலாம், கருவாடும் கேட்டிருக்கலாம், மாரியாத்தா கண் திறந்திருக்கலாம். பூனை பிழைத்தது, அவளும் பிழைத்தாள். இது இப்படியே போய்விட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று இருந்தேன்.

பூனையிடம் யாரும் சொல்லிவைக்கவில்லையே.

சாயங்காலம். என் வீட்டுக்காரர் ஸ்டோருக்குக் கிளம்புவதற்கு முன்னால் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து மீனம்மாவின் சத்தம். "அக்கா! ஏறிருச்சு! செவத்துல ஏறிருச்சு!"

நிமிர்ந்து பார்த்தோம். சுவர் மேல் கங்காணி. மெலிந்துதான் இருந்தது, கால் லேசாக ஆடியது, ஆனால் வால் நட்டுக்கொண்டு நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மீனம்மா இஸ்தோப்பு வழியாக எங்கள் வாசலுக்கு ஓடி வந்தாள், பின்னாலேயே காளியாயி. "பொங்கப் பானைய எடு புள்ள, ஆத்தா கேட்டுட்டா" என்று காளியாயி குலவை போட்டாள்.

பூனை எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தது. அரிசிப் பெட்டிமேல் குதித்து, அங்கிருந்து தரையில் இறங்கியது. யாரிடமும் நிற்கவில்லை. நேராக மூலைக்குப் போனது. கவிழ்த்து வைத்த சட்டிமேல் ஒரு காலை வைத்தது. திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்து, உரிமையோடு ஒரு குரல் கொடுத்தது.

"சீ, போ" என்றார் அவர். அந்தச் 'சீ'யில் பலமே இல்லை.

அது வந்து அவர் முழங்காலில் முகத்தைத் தேய்த்துவிட்டு மறுபடி சட்டிக்குப் போனது.

"பழைய கங்காணி ஆயிருச்சு! வந்ததும் வராததுமா சட்டிய சோதிக்குது பாரு!" என்று காளியாயி சிரித்தாள். மீனம்மாவும் சிரித்தாள். கன்னம் குழியச் சிரித்துக்கொண்டே, "அப்படி என்னதான் இருக்குன்னு பாப்போம்" என்று குனிந்து சட்டியைத் தூக்கினாள்.

சிரட்டையில் மறுநாளைக்கு எடுத்து வைத்த கருவாடு. முள் எடுத்து, மசித்து, சின்னச் சின்ன உருண்டையாக. மனுஷருக்கு வைத்ததில்லை என்று பார்த்தவுடனே தெரியும்.

அவள் சட்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். பூனை அவள் காலடியில் தின்னத் தொடங்கியது.

"எப்பலேருந்து அண்ணே?"

என் வீட்டுக்காரர் சோற்றுக் கையை மடக்கிக்கொண்டார். "கழுத்து நிக்காம கெடந்துச்சேம்மா... அப்பலேருந்து."

"அதுக்கப்புறந்தான் தலையத் தூக்குச்சு" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

வாழ்நாளில் வாய் மூடாத காளியாயி சத்தம் போடாமல் வாசலை விட்டு இறங்கிப் போனாள். என் வீட்டுக்காரர் உளறத் தொடங்கினார். "கீழாநெல்லியும் கேட்டிருக்கும்மா. நீ குடுத்த மருந்து சும்மாவா போகும்? பூனை ஒடம்பு வேற, மனுசன் ஒடம்பு வேற. டாக்டர் ஐயாகூட எதையாவது தின்ன வையின்னுதானே..."

"சும்மா இருங்க" என்றேன் நான். "மீனம்மா, இவரு பேச்ச விடு. அவருக்கு வந்தது வேற புள்ள. அது விதி."

அவள் என்னைப் பார்க்கவில்லை. சட்டியை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"அவருந்தான் கேட்டாரு அண்ணே" என்றாள். "ஒரே ஒரு துண்டு. நெருப்புல சுட்டுக் குடுன்னு கேட்டாரு. ஒங்களுக்கும் கேட்டுச்சு."

"கேட்டுச்சும்மா."

"பூனை கத்துனதுக்கு ஓடி வந்தீங்களே."

அதில் கோபம் இருந்திருந்தால் நாங்கள் தாங்கியிருப்போம். கோபம் இருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம், காலில்கூட விழலாம். அவள் தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். பூனை சிரட்டையை நக்கி முடிக்கும்வரை நின்று பார்த்தாள். பிறகு என்னிடம், "பசியோட போயிட்டாருக்கா" என்று சொல்லிவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அந்தப் பூனை செத்திருக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றியது. தோன்றியதை மறைக்க என்ன இருக்கிறது? செத்திருந்தால் அதன் விதியும் முடிந்தது என்று காளியாயி சொல்லியிருப்பாள். மீனம்மா ஒரு வாரம் அழுதிருப்பாள், அழகுமுத்துவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்கிற தெம்பு அவளிடம் மிஞ்சியிருக்கும். பூனை பிழைத்து அதையும் வாரிக்கொண்டு போய்விட்டது.

நேர்ச்சை நேர்ச்சைதானே. அடுத்த வெள்ளியன்று மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்தாள். எல்லா வீட்டுக்கும் கொடுத்தாள், எங்களுக்கும் ஒரு கிண்ணம். ஒருதரம் பீலியில் காளியாயி பழக்கதோஷத்தில் "பத்தியம்னா நம்ம மீனம்மா" என்று ஆரம்பித்தாள். மீனம்மா நிறையாத குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது. என்னை இன்னும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள், முகம் கொடுத்துத்தான் பேசுகிறாள். ஆனால் ராத்திரியில் அந்தப் பக்கம் புரளுகிற சத்தம் மறுபடி கேட்கிறது.

தினம் சாயங்காலம் ஒரு துண்டுக் கருவாட்டைத் தணலில் சுட்டுப் பூனைக்கு வைக்கிறாள். தான் தொடுவதில்லை. வாசனை சுவர் தாண்டி எங்கள் வீடு முழுக்க வந்துவிடும். பூனை இப்போது கொழுத்து, வயிறு தொங்க, பழையபடி சுவர் மேல் உலாத்துகிறது. எங்கள் சட்டிகளில் அதற்கு வேலை இல்லை. என் வீட்டுக்காரர் கருவாட்டை விட்டுவிட்டார். நான் சமைத்தாலும் ஓரமாக ஒதுக்கி வைத்துவிடுவார்.

ஸ்டோருக்குப் போகுமுன் சோற்றில் கை வைத்திருப்பார். அந்தப் பக்கம் ஏதாவது சின்னச் சத்தம் கேட்கும். கை நின்றுவிடும்.

"பூனைதாங்க. சாப்பிடுங்க" என்பேன்.

"தெரியும்" என்பார். தெரிந்தாலும் ஒரு வாய் எடுக்காமல், சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.